வரப்போடு நின்றுவிடும் புத்தகங்கள்

ஜே. எஸ். கேம்பிள் எழுதிய ‘ஃப்ளோரா ஆஃப் த பிரெசிடென்சி ஆஃப் மெட்ராஸ்’ நூலின் ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய சென்னை மாகாணத்துச் செடிகொடிகளைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1918-ல் வந்த அதன் இரண்டாம் பகுதியில் பயறுக் குடும்பம் வருகிறது. அந்தப் பகுதி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேட்டில் உள்ள பயறு அத்தியாயம், இயற்கை விவசாயக் கையேடுகள் சில, இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இந்த வருஷம் படித்தேன். படித்தது தேவாரத்தை மனதில் வைத்து. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தேவாரத்தில் மானாவாரியாக, ரசாயனம் போடாமல் பயறு விதைக்கிற ஒருத்தருக்கு இந்தப் புத்தகங்கள் எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவர நூல் மலையிலிருந்து இறங்கி வந்து வரப்பில் நின்றுவிடுகிறது. விவசாயக் கையேடு வயலிலிருந்து கிளம்பி அதே வரப்பில் நின்றுவிடுகிறது. தென்னைக்கும் திராட்சைக்கும் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அவற்றின் காட்டுச் சொந்தம் எதுவும் நம் வரப்பில் நிற்கவில்லை. பயறு அப்படி இல்லை. துவரை, பாசிப்பயறு, கொள்ளு எல்லாவற்றுக்கும் பங்காளிகள் வரப்பிலும், அதைத் தாண்டிய கரட்டிலும், மலைச் சரிவிலும் இருக்கிறார்கள். அதனால் இந்த இடைவெளி பயறு போடுகிறவரைத்தான் நேராகத் தாக்குகிறது.

நாலு புத்தகத்துக்கு நடுவில் ஒரு சரிவு

தேவாரம் தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம். ஊருக்குப் பின்னாடியே மலை எழும்பி, ஆயிரம் மீட்டருக்கு மேல் போய், அந்தப் பக்கம் கேரளாவின் ஏலத்தோட்டங்களாக விரிகிறது. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கமே பெய்து தீர்த்துவிடும். நமக்கு வருவது காற்றும், எப்போதாவது ஒரு சாரலும்தான். அதனால் மானாவாரி நிலம் வடகிழக்கு மழையை நம்பியது. நிலக்கடலை, சோளத்தோடு ஊடே மொச்சை, தட்டப்பயறு, துவரை. மார்கழி, தை வந்தால் பச்சை மொச்சை சந்தைக்கு வந்துவிடும். சில கிலோமீட்டர் நடந்தால் முள்காட்டிலிருந்து பசுஞ்சோலை வரை மாறுகிற சரிவு இது.

இந்தச் சரிவு எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று தேடினால் ஒரு விசித்திரம் தெரியும். பி. எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூல் 6,500 அடிக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. சி. இ. சி. ஃபிஷர் 1921-ல் ஆனைமலையை எழுதினார். திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் கே. எம். மேத்யூ 1980களில் எழுதிய பெரிய நூல் தமிழகத்தின் கிழக்குச் சமவெளியையும் அதை ஒட்டிய மலைகளையும் எடுத்துக்கொண்டது. அவரே 1999-ல் பழனி மலைக்குத் தனி நூல் தந்தார். நாலுமே உழைப்பில் குறை சொல்ல முடியாத நூல்கள். ஆனால் நாலையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், போடியிலிருந்து கம்பம் வரை உள்ள மேற்குச் சரிவு நடுவில் பொத்தல் மாதிரி விழுகிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. செடி சேகரிக்கப் போகிறவர் தங்க ஒரு இடம் வேண்டும், போக ஒரு பாதை வேண்டும். கொடைக்கானலில் பங்களா இருந்தது, செண்பகனூரில் பாதிரியார்களின் கல்லூரி இருந்தது. ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்னும் அவர் மனைவியும் பழனி மலையில் சேகரித்த செடிகள் கேம்பிளுக்கும் ஃபைசனுக்கும் பெரிய மூலதனம். கேம்பிள் ஒரு காட்டுப் பயறுக்கு அந்த அம்மையாரின் பெயரையே வைத்தார்: விக்னா போர்னியே. இன்று அதை விக்னா ட்ரைநெர்வியா என்ற இனத்தின் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டார்கள். பாசிப்பயறும் உளுந்தும் இருக்கிற அதே கிளையைச் சேர்ந்தது அந்தக் கொடி. தேவாரத்துக்கு மேலே கோடைவாசஸ்தலம் எதுவும் இல்லை. அதனால் தேவாரத்துக் கொடிகளுக்கு அப்படி ஓர் அம்மையாரும் கிடைக்கவில்லை.

வனத்துறையின் கண்

கேம்பிளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் அவர் நூலின் சாய்வும் புரியும். அவர் வனத்துறை அதிகாரி. டேராடூன் வனப் பள்ளியின் இயக்குநராக இருந்து 1899-ல் ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பே இந்திய மரங்களைப் பற்றிய கையேடு எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் உட்கார்ந்து, கியூ தோட்டத்தின் உலர்தாவரங்களைப் பார்த்து இந்த நூலை எழுதினார். 1915-ல் முதல் பகுதி. 1925-ல் அவர் இறந்துபோக, மிச்சத்தை ஃபிஷர் 1936-ல் முடித்தார். ஃபிஷரும் வனத்துறைக்காரர்தான்.

வனத்துறைக் கண்ணுக்கு மரம் நன்றாகத் தெரியும், வனத்தின் ஓரமும் தெரியும். வயல் ‘பயிரிடப்படுகிறது’ என்ற சொல்லோடு முடிந்துவிடும். பயிர்ச்செடிகள் கேம்பிளில் இல்லாமல் இல்லை, இருக்கின்றன. ஆனால் காட்டுச் செடிக்குக் கிடைக்கிற கவனம், எந்த மலை, எந்த உயரம், யார் எடுத்தது என்கிற விசாரணை, பயிருக்குக் கிடைப்பதில்லை. கொள்ளு கறுப்பா, சிவப்பா, எந்த மண்ணில் எந்த ரகம் என்று பார்த்தவர் அவர் இல்லை. அது விவசாய இலாகாவின் வேலை என்று அன்றைய நிர்வாகம் பிரித்து வைத்திருந்தது. புத்தகமும் அந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இதை அவருடைய குற்றமாகச் சொன்னால் அநியாயம். ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் அந்த நூலின் வேலை. அதைப் பிரமாதமாகச் செய்கிறது. அவர் தரும் திறவுகோல் எங்கள் தொழிலில் எழுதுகிற ‘இஃப்-எல்ஸ்’ மாதிரியே இருக்கும்: பூவின் கீழிதழ் சுருண்டிருக்கிறதா, இல்லையா; இலைக்காம்படியில் உள்ள செதில் ஒட்டும் இடத்துக்குக் கீழேயும் நீள்கிறதா, இல்லையா. பொறுமையாகப் போனால் நூறு வருஷம் கழித்தும் சரியான பெயரில் கொண்டுபோய் விடும். என் புகார் நூலின் மேல் இல்லை. அதற்கு அப்புறம் வந்தவர்களும் அதே எல்லைக்கோட்டில் நின்றதுதான் பிரச்சினை.

‘மதுரை’ என்றால் எது?

டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு உடனே கண்ணில் படுகிற ஒரு சிக்கல் இடப்பெயர். 1918-ல் ‘மதுரை மாவட்டத்து மலைகள்’ என்றால் இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி மூன்றும் சேர்ந்தது. சிறுமலையும் அதுதான், பழனி மலையும் அதுதான், வருசநாடும் அதுதான், போடி மலையும் அதுதான். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1983-ல் தமிழ்நாட்டுத் தாவரங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து முதல் தொகுதி வெளியிட்டபோதும் மதுரை உடையவில்லை. திண்டுக்கல் 1985-ல் பிரிந்தது, தேனி 1996-ல். அதனால் ‘தேனி’ என்று தேடினால் பழைய பதிவு எதுவும் வராது. ‘மதுரை’ என்று தேடினால் எல்லாம் வரும், எது நம்முடையது என்று தெரியாது.

இன்னொரு வெட்டும் விழுந்திருக்கிறது. கேம்பிள் திருவிதாங்கூர் மலைகளையும் சேர்த்தே எழுதினார். 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு ஒரு நூல், கேரளாவுக்கு வேறு நூல்கள். மலையின் கிழக்கு முகம் ஒரு புத்தகத்தில், முகடும் மேற்கு முகமும் இன்னொரு புத்தகத்தில். ஒரே கொடி காலையில் தமிழ்நாட்டுத் தாவரம், சாயங்காலம் கேரளத் தாவரம்.

ஆனால் மனுஷங்க அப்படிப் பிரிந்து கிடக்கலை. தேவாரம், போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்கு மேலே போய்விட்டு இருட்டுகிற நேரம் திரும்புகிறார்கள். ஊரில் சொந்தமாகவோ வாரத்துக்கோ அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மானாவாரியும் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துச் செடியும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மேலே குறிப்பிட்ட எந்த நூலும் அவர்களிடம் போய் நிற்கவில்லை.

பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது

பயறுகளின் அறிவியல் பெயர் வரலாறு ஒரு பாடம். கொள்ளுக்கு நெடுங்காலம் ‘டோலிகாஸ் பைஃப்ளோரஸ்’ என்றே பெயர். கேம்பிளிலும் அதுதான். 1970-ல் வெர்ட்கோர்ட் என்ற தாவரவியலாளர் தெளிவுபடுத்தினார்: லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தது உண்மையில் தட்டப்பயறுக்கு. கொள்ளு வேறு பேரினம், அதன் சரியான பெயர் ‘மேக்ரோடைலோமா யூனிஃப்ளோரம்’. ஆக, இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கொள்ளைத் தட்டப்பயறு பெயரில் எழுதி வந்திருக்கிறார்கள். பாசிப்பயறு, உளுந்து கதை இன்னும் மோசம். 19-ஆம் நூற்றாண்டு நூல்களில் ‘பேசியோலஸ் முங்கோ’ என்று வந்தால் பெரும்பாலும் நம் பாசிப்பயறு. இன்று ‘விக்னா முங்கோ’ என்றால் உளுந்து. பழைய அறிக்கையில் உள்ள விளைச்சல் கணக்கை எடுத்து இன்றைய பெயரோடு கோர்க்கிறவர் பயிரையே மாற்றிவிடுவார்.

இதைப் பார்த்துவிட்டு, “அதான் சொல்றோம், தமிழ்ப் பெயரே போதும்” என்று சிலர் கிளம்புவார்கள். கொள்ளைப் பொறுத்தவரை அது சரிதான். மாங்குடி கிழாரின் புறநானூற்று 335-ஆம் பாட்டு உணவு என்று நாலே நாலை எண்ணுகிறது: வரகு, தினை, கொள், அவரை. நாலில் இரண்டு பயறு. அந்தக் ‘கொள்’ இன்றும் கொள்ளுதான். கர்நாடகாவின் சங்கனகல்லு போன்ற புதிய கற்கால இடங்களில் கி.மு. 2000-ஐ ஒட்டிய கரிந்த விதைகளில் கொள்ளும் பாசிப்பயறும் முக்கியமானவை என்று தொல்தாவர ஆய்வுகள் காட்டுகின்றன. தெற்கே நாம் சாப்பிட ஆரம்பித்த முதல் பயிர்களில் இவை உண்டு.

ஆனால் எல்லாத் தமிழ்ப் பெயரும் அவ்வளவு உறுதி இல்லை. ‘நரிப்பயறு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ நூல்களில் அது பெரும்பாலும் மூன்று மடல் இலை கொண்ட, தரையில் படரும் விக்னா ட்ரைலோபேட்டா. வேளாண் பாடநூலில் அதே பெயர் ராஜஸ்தானில் அதிகம் விளையும் விக்னா அகோனிடிஃபோலியாவுக்கு. முதல் செடியை ஆந்திராவில் ‘பில்லிபெசர’ என்று பசுந்தாள் உரமாகவும் தீவனமாகவும் விதைக்கிறார்கள். தெலுங்கில் பில்லி என்றால் பூனை, பெசர என்றால் பாசிப்பயறு. நமக்கு நரி, அவர்களுக்குப் பூனை. மனுஷன் சாப்பிடாத பயறு என்ற ஒரே எண்ணம்தான் இரண்டு பெயரிலும் இருக்கிறது. ஆகவே அறிவியல் பெயரோ, ஊர்ப்பெயரோ ஒன்று மட்டும் தனியாகச் சாவி ஆகாது. இரண்டும், கூடவே இடமும் தேதியும் வேண்டும்.

வரப்பில் நிற்கிற பங்காளிகள்

காட்டுத்துவரை என்று பொதுவாகச் சொல்லப்படும் கொடிகளில் ஒன்று கஜானஸ் ஸ்காராபியாய்டிஸ். மஞ்சள் பூ, மயிர் அடர்ந்த சின்னக் காய், புல்லோடு புல்லாகச் சுற்றிக்கிடக்கும். கேம்பிள் காலத்தில் இது துவரையின் இனமாகவே எண்ணப்படவில்லை. 1834-ல் வைட்டும் ஆர்னட்டும் உண்டாக்கிய ‘அட்டிலோசியா’ என்ற தனிப் பேரினத்தில் இருந்தது. பிரித்ததற்கு முக்கியக் காரணம் விதையின் கண் பக்கத்தில் இருக்கிற சதைமாதிரியான சின்ன ஒட்டு. காட்டுக்கொடியில் அது எடுப்பாக இருக்கும், துவரையில் அநேகமாக இருக்காது. 1980களில் வான் டெர் மேசன் என்ற டச்சுத் தாவரவியலாளர் இரண்டையும் ஒன்றாக்கினார். அவை ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை, ஒரே குடும்பம். விதைத்து விதைத்து மாறிய பயிரையும் மாறாமல் நின்ற காட்டுக்கொடியையும் அந்த ஒரு ஒட்டை வைத்து நூற்றைம்பது வருஷம் தனித்தனி வீட்டில் வைத்திருந்தார்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. துவரையில் கலப்பின விதை உண்டாக்க ஆண்மலட்டுத் தன்மை தேவைப்பட்டபோது அது கிடைத்தது காட்டுத்துவரைகளில்தான். இந்தக் கொடியிலிருந்து ஒன்று, பஸ்தர், ஒடிசா பக்கம் வளரும் கஜானஸ் கஜானிஃபோலியஸிலிருந்து இன்னொன்று. இரண்டாவதை வைத்து இக்ரிசாட் உருவாக்கிய கலப்பினத் துவரை 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது.

பாசிப்பயறின் கதை இன்னும் நெருக்கமானது. அதன் காட்டு முன்னோர் விக்னா ரேடியேட்டா சப்லோபேட்டா. 1980களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மடகாஸ்கரில் எடுத்த ஒரு காட்டு மாதிரியில் பயறு வண்டு துளைக்க முடியாத விதையைக் கண்டார்கள். டிசி 1966 என்பது அந்த மாதிரியின் எண். அது பாசிப்பயறோடு எளிதில் கலக்கிறது.

இயற்கை விவசாயத்தில் பயறு எடுத்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. களத்தில் நல்லாத்தான் இருக்கும். வண்டு வயலிலேயே காயில் முட்டை வைத்திருக்கும், ரெண்டு மாசத்தில் மூட்டைக்குள் மாவுதான் மிச்சம். மருந்து வைக்க முடியாது என்பதால் செம்மண் கட்டுகிறோம், சாம்பல் கலக்கிறோம், வேப்பிலை போடுகிறோம், திரும்பத் திரும்ப வெயிலில் காயவைக்கிறோம். அந்த வண்டுக்கு எதிரான குணம் ஒரு காட்டுப்பயறில் இருந்தது என்ற செய்தி, அதே காட்டுப்பயறின் சொந்தங்கள் வளர்கிற நாட்டில், விவசாயி கையில் இருக்கிற எந்தக் கையேட்டிலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

பயறு முளைகட்ட ஊறவைத்தால் சில மணி மட்டும் ஊறாமல் கல்லு மாதிரி கிடக்கும், கவனித்திருப்பீர்கள். கடித்தால் பல் போய்விடும். அது காட்டுக் குணத்தின் மிச்சம். காட்டில் எல்லா விதையும் முதல் மழைக்கே முளைத்துவிட்டால் அடுத்து மழை பொய்க்கும்போது வம்சமே அழிந்துவிடும். அதனால் பாதி விதை தோல் இறுகி அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கும். சமையலறையில் நாம் பொறுக்கிப் போடுவது அந்த உத்தியைத்தான்.

வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் வரப்பில் கிடந்த கொடியைக் காட்டிக் கேட்டேன். “அது நரிப்பயறு தம்பி. நம்ம பயறு மாதிரியே இருக்கும், ஆனா காய் பறிக்கப் போறதுக்குள்ள முறுக்கி வெடிச்சுப் போகும். ஆடுதான் திங்கும். பஞ்சத்துல எங்க அப்பத்தா அவிச்சுத் தின்னுருக்கு” என்றார். காய் வெடிப்பது, தீவனம், பஞ்ச உணவு. மூன்று வரியில் ஒரு பதிவு. பயிருக்கும் காட்டினத்துக்கும் உள்ள முதல் வித்தியாசம் காய் வெடிப்பது என்று பாடநூல்கள் பல பக்கத்தில் சொல்வதை அவர் கையை வேலையிலிருந்து எடுக்காமலே சொல்லிவிட்டார்.

கையேடுகளின் வடிவம்

இப்போது விவசாயப் பக்கம். பல்கலைக்கழகக் கையேடு ஒழுங்கானது: பருவம், ரகம், விதை அளவு, விதை நேர்த்தி, 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி, களை, பூக்கும்போது 2 சதவீத டிஏபி கரைசல். வம்பன் ஆராய்ச்சி நிலையம் தந்த மஞ்சள் தேமல் தாங்கும் ரகங்கள் இல்லாமல் இன்று உளுந்து எடுப்பது கஷ்டம். அதை மறுக்கிறவன் நான் இல்லை.

இயற்கை விவசாயக் கையேட்டைத் திறந்தால் வேறு உலகம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசியது அந்த வேறு உலகத்தைத்தான். ஆனால் புத்தகமாக வந்ததில் பெரும்பாலும் அதே வடிவம், சரக்கு மட்டும் வேறு. டிஏபி இருந்த இடத்தில் 3 சதவீதப் பஞ்சகவ்யம். பூச்சிமருந்து இருந்த இடத்தில் இலைக்கரைசல். விதை எங்கிருந்து வந்தது, அதன் சொந்தம் எங்கே நிற்கிறது, வரப்புச் செடிக்கும் வயலுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்ற கேள்விகள் இங்கேயும் இல்லை.

கொடுக்கல் வாங்கல் நிஜமாகவே இருக்கிறது. பாசிப்பயறு, உளுந்து, தட்டப்பயறு, கொள்ளு, துவரை எல்லாவற்றின் வேர் முடிச்சிலும் வாழும் பாக்டீரியா ஒரே பொதுக் கூட்டம். ‘தட்டப்பயறுக் கூட்டம்’ என்றே அதற்கு நுண்ணுயிரியலில் பெயர். அது பயிரோடு மட்டும் சேர்வதில்லை. கொழிஞ்சி, கிலுகிலுப்பை மாதிரி பல காட்டுப் பயறினங்களின் வேரிலும் முடிச்சுப் போடும். நிலம் தரிசாகக் கிடக்கிற வருஷங்களில் அந்தக் கூட்டத்தை மண்ணில் உயிரோடு வைத்திருப்பதில் வரப்புக் கொழிஞ்சிக்குப் பங்கு உண்டு. ஆவாரையும் பயறுக் குடும்பம்தான், ஆனால் அது வேர் முடிச்சுப் போடாது. ஆக ‘குடும்பம்’ தெரிந்தால் மட்டும் போதாது, எந்தச் செடி என்று தெரிய வேண்டும். தாவர நூலும் பயிர்க் கையேடும் ஒன்றையொன்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எதிர்வாதமும் வலுவானது, அதையும் சொல்லணும். மஞ்சள் தேமல் நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்புகிறது. ஈயும் நச்சுயிரியும் பயிர் இல்லாத காலத்தில் களைச்செடிகளில் தங்கும். அதனால்தான் கையேடு வரப்பைச் சுத்தமாக வை என்கிறது. நியாயம்தான். ஆனால் ‘களை’ என்ற ஒரே சொல்லில் நச்சுயிரி தங்கும் செடி, பாக்டீரியாவைக் காப்பாற்றும் செடி, பாசிப்பயறின் முன்னோர் மூன்றையும் அள்ளிப் போட்டால் எதை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க வழியே இல்லை. களைக்கொல்லி எல்லாவற்றையும் எரிக்கும். கையால் களையெடுக்கிற இயற்கை விவசாயிக்குத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பாவது இருக்கிறது. தேர்ந்தெடுக்க உதவும் புத்தகம் இல்லை.

கணக்கெடுப்பு எப்போது நடக்கிறது

இந்தச் சரிவு ஒருமுறை நாடு முழுக்கப் பேசப்பட்டது. பொட்டிபுரம் பக்கம் போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிட்டபோது. 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது, 2018-ல் மறுபடி அனுமதி. தீர்ப்பாயத்தில் எழுந்த முக்கியக் கேள்விகள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதும், அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்ததா என்பதும். ஊரில் பேசியது தண்ணீர், பாறை, கதிர்வீச்சு. சரிவில் என்னென்ன வளர்கிறது என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் சூடு பிடிக்கவில்லை. திட்டம் வேண்டும், வேண்டாம் என்பதை இங்கே விவாதிக்கவில்லை. அவ்வளவு பெரிய சண்டையிலும் செடிகள் ஒரு பின்னிணைப்பாகத்தான் இருந்தன என்பதைத்தான் சொல்கிறேன்.

பொதுவாகவே, ‘துரித’ சுற்றுச்சூழல் மதிப்பீடு என்ற வகைக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது நம் நடைமுறை. பயறுக் கொடிகளுக்கு இது எப்படிப்பட்ட விதி என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சரிவில் ஓராண்டுக் கொடிகள் புரட்டாசி மழையில் முளைத்து, கார்த்திகையில் பூத்து, தை முடிவதற்குள் காய் வெடித்துக் காய்ந்துபோகும். சித்திரையில் போனால் சருகுகூட இருக்காது. மரத்தை எந்த மாதமும் எண்ணலாம். இவற்றை எண்ண முடியாது. காய்ந்த மாதத்தில் எடுத்த பட்டியலில் இல்லை என்றால் அந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம் ஆகிவிடுகிறது. அடுத்த அறிக்கை அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதப்படும்.

என்ன மாதிரி புத்தகம் வேண்டும்

முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1889 முதல் வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதாரப் பொருட்கள் அகராதியில் பயிரும் அதன் காட்டினமும் ஊர்ப்பெயர்களும் உபயோகமும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. வியாபார நோக்கத்தில் செய்ததுதான், ஆனால் வரப்பில் நிற்காமல் தாண்டியது. மேத்யூவின் கோட்டோவியங்கள் செடியை அடையாளம் காண எவ்வளவு உதவும் என்பது பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். 1976-ல் தொடங்கிய தேசியத் தாவர மரபு வளப் பணியகத்துக்குத் திருச்சூரில் நிலையம் இருக்கிறது, காட்டு விக்னாக்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். ஆனால் குளிர் அறையில் இருக்கிற விதைப் பொட்டலமும் தேவாரத்து வரப்பும் ஒரே செடி என்று விவசாயிக்குச் சொல்ல நடுவில் ஒரு தாள் இல்லை.

எனக்கு வேண்டிய நூல் பெரிசு இல்லை. தேவாரத்திலிருந்து மலைமுகடு வரை உள்ள பயறுக் குடும்பம் மட்டும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம். அறிவியல் பெயர், பழைய நூல்களில் உள்ள பெயர், ஊர்ப்பெயர், அதை யார் எந்த ஊரில் சொன்னார்கள். விதைத்ததா, தானாக வந்ததா, காட்டினமா. இந்த மூன்றையும் தனித்தனிக் கட்டமாக, ஏனென்றால் தட்டப்பயறு மூன்றாகவும் இருக்க முடியும். எந்த மாதம் முளைக்கிறது, பூக்கிறது, வெடிக்கிறது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு உண்டா, வெட்டினால் உள்ளே சிவப்பா. சிவப்பு என்றால் அது வேலை செய்கிற முடிச்சு. ஆடு தின்னுமா, மனுஷர் தின்றார்களா. மஞ்சள் தேமல் தெரிந்ததா. உலர்தாவரத் தாளில் ‘மதுரை’ என்று எழுதுகிற இடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை. அந்தக் கட்டங்களில் பாதியை நிரப்ப தாவரவியல் பட்டம் தேவையில்லை, ஜீப்பில் போய் வருகிற ஒருவரின் பேச்சு போதும். மிச்சப் பாதிக்கு கேம்பிளின் திறவுகோல் இருக்கிறது.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போய் எதையும் பறிக்க வேண்டியதில்லை. வரப்பு, ஓடைக்கரை, சாலையோரம், கரடு, இவற்றிலேயே ஒரு வருஷ வேலை இருக்கிறது. புரட்டாசி முதல் தை வரை மாதம் இரண்டு நடை. போட்டோவில் இலை மட்டும் போதாது, இலைக்காம்படிச் செதில், பூ, முற்றின காய், விதையின் கண் நாலும் தெரியணும். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் ஏற்றினால் பெயர் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கட்டங்களோடு ஒரு விரிதாளைத் தயார் செய்திருக்கிறேன். வருகிற புரட்டாசியில் கிழக்கு வரப்பை வெட்டாமல் விட்டு அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பயறு போடுகிறவர்கள் யாராவது அவங்க வரப்பையும் ஒரு பருவம் வெட்டாமல் விட்டு, என்ன முளைத்தது என்று எழுதினால் அந்த விரிதாளில் சேர்த்துக்கொள்கிறேன்.